தலைக்கு ஒரு துணி

வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவளுக்குக் கழுத்துக்கு மேலேதான் உருவம். கட்டியிருக்கும் புடவையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பார்ப்பதில்லை. முகத்தையும் தலையையும்தான் பார்க்கிறார். திங்களன்று மறுபடி போய் உட்கார வேண்டும். இனி ஊசி போடும் வாரம் மட்டும் லீவு. உள்ளே ஃபைல் வேலை தரட்டுமா என்று மேனேஜர் கேட்டார். நல்ல மனுஷர். வேண்டாம் என்றேன்.

*

மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது என்றார் டாக்டர். வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். முடியின் வேர் அப்படிப்பட்ட இடம். தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணையெல்லாம் முடி. புருவத்தில் ஒரே சமயத்தில் வளர்வது கொஞ்சம்தான். ஆகவே அது பிந்தி விழுகிறது. விழுந்த பிறகுதான் அது எதற்கு இருந்தது என்று புரிந்தது. நெற்றி வியர்வை தடுப்பாரின்றி நேரே கண்ணுக்குள் இறங்குகிறது. சென்னையில் தலைக்குத் துணி தேடுகிறவள் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெற்றிப் பக்கம் வியர்வையை உறிஞ்சுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

*

டோப்பா ஒன்று வாங்கினேன். செயற்கை இழை. அடுப்புப் பக்கம் போகும்போது கழற்றிவிடுங்கள், சூடு பட்டால் பொசுங்கிச் சுருண்டுவிடும் என்றார் கடைக்காரர். சமைத்து, டிபன் கட்டி, பிறகு தலையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்! அசல் முடியில் செய்தது பல மடங்கு விலை. திருப்பதியில் விழும் காணிக்கை முடியை நீளம் பார்த்துத் தரம் பிரித்து தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. பிள்ளை பிழைத்ததற்காக யாரோ ஒருத்தி கொடுத்தது, டோப்பாவாகி எங்கோ ஒரு தலையில் ஏறுகிறது. கோயிலில் கொடுத்த இந்திய முடி கலந்திருக்கிறது என்று தெரிந்து, 2004இல் ஜெருசலேமிலும் நியூயார்க்கிலும் ஆசார யூதப் பெண்கள் தங்கள் டோப்பாக்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். வேறு தெய்வ வழிபாட்டில் வந்ததை அணியலாகாது என்று அவர்களுடைய மதகுரு சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. விலைதான் சங்கடம்.

*

திருப்பதி போய்வந்ததாகச் சொல்லிவிடு என்கிறார் மாமியார். நியாயமான யோசனை. இந்த ஊரில் மொட்டை போட்ட பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருப்பதியா, பழனியா, சமயபுரமா என்று கேட்பார்கள். நன்றாகத் தரிசனம் கிடைத்ததா என்பார்கள். அதோடு முடிந்தது.

ஆனால் கோயில் மொட்டை ஒரு வாரத்தில் கருகருவென்று முளைத்துவிடும். கீமோ மொட்டை அப்படியே வழவழவென்றிருக்கும். வாராவாரம் டெபாசிட் போட வரும் மளிகைக் கடைக்காரருக்கு நோட்டெண்ணும் கண். இரண்டாவது வாரமே பிடித்துவிடுவார். அப்புறம் புருவத்துக்கு எந்தக் கோயிலைச் சொல்வது?

பெரியம்மாவுக்கு என்னை வெறுந்தலையாகப் பார்க்கவே ஆகவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து போர்த்தினார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது வீட்டில் ஓர் அத்தைப்பாட்டி இருந்தாராம். புருஷன் போனதும் தலையை மழித்து மூலையில் உட்காரவைத்தார்களாம். பெரியம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

*

துணி கட்டக் கற்றுக்கொடுத்தது லோன் செக்‌ஷனில் இருக்கும் தோழி. பள்ளி நாளிலிருந்து ஹிஜாப் அணிகிறவள். நாத்தனார் ஆசையாக வாங்கித் தந்த பட்டு ஸ்கார்ஃபைப் பார்த்ததுமே, “இது நிக்காதுக்கா” என்றாள். வழுக்குகிற துணியைப் பிடித்துக்கொள்ள மொட்டையில் என்ன இருக்கிறது? முதலில் உள்ளே காட்டன் இன்னர் கேப். திருவல்லிக்கேணிக் கடைகளில் கிடைக்கிறது. அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் தையல் வெளியே போய்விடும். முடி விழுந்த தோல் எவ்வளவு நோகும் என்பது ஒரு தையல் மடிப்பு காதுக்குப் பின்னால் உரசினால் தெரியும். அதன்மேல் சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, மடித்த ஓரத்தைப் புருவம் இருந்த இடத்துக்கு விரற்கடை மேலே வைத்து, இரு முனைகளையும் பின்னால் தொங்கும் வாலுக்கு மேல் குறுக்கே இழுத்து ஒரு முடிச்சு. மிச்சத்தை உள்ளே செருகிவிட வேண்டும். ஊக்கு வேண்டாம் என்றேன். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் ஊசிக் குத்தும் பெரிய தொல்லையாகிவிடும். யோசித்து, ஊக்கு இல்லாமலே நிற்கும்படி செருகிக் காட்டினாள்.

முடிச்சு பிடரியில் உருண்டு நின்றால் ஹெல்மெட் ஏறாது. தட்டையாகப் போட வேண்டும். முடி போனதில் ஹெல்மெட்டும் லொடலொடக்கிறது. வாரை இறுக்கிக்கொண்டேன்.

நிறம்: மஞ்சள் வேண்டாம். வெளுத்த முகத்தை இன்னும் வெளுக்கக் காட்டும். கருநீலம் சரியாக இருக்கிறது. ஆபீஸுக்குள் ஏசி மண்டையில் நேரே இறங்குகிறது என்பதால் டிராயரில் இன்னொரு துப்பட்டா.

*

டோப்பா மாட்டினால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மொட்டையாகப் போனால் திருப்பதிக் கதை சொல்ல வேண்டும். துணி கட்டினால், கேட்க வாயெடுப்பவரிடம் அதுவே பாதியைச் சொல்லிவிடும். மீதிப் பாதியை யாருக்குச் சொல்வது, யாருக்கு விடுவது என்பது என் கையில் இருக்கும். டோப்பா மாட்டிக்கொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஒருவரும் பரிதாபப்படாமல் இருப்பது பெரிய சுகம். கல்யாண வீட்டுக்குப் போக அதை எடுத்துவைத்திருக்கிறேன்.

*

நவம்பர். பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்க வரும் மாதம். ஒரு பெரியவர் தலைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்பதியாம்மா?”

“இல்ல சார். அடையாறு.”

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தலையசைத்தார். படிவத்தை நீட்டினார்.

“நான் உயிரோட இருக்கேன்னு எங்க கையெழுத்துப் போடணும்?”

இப்போதெல்லாம் விரல் வைத்தால் போதும் என்றேன். ரேகை தேய்ந்திருந்தது, மெஷின் எடுக்கவில்லை. போன் கேமராவில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். அது எடுத்துக்கொண்டது.

“வருஷா வருஷம் இதைப் பண்ணணுமா?”

“ஆமா சார்.”

“சரி, அடுத்த நவம்பர் வரேன். அதுக்குள்ள உனக்கும் முடி வளந்துடும்.”

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் சார், காதைத் தாண்டுமா என்பதே சந்தேகம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் பின்னால் நின்றவர் பாஸ்புக்கை உள்ளே தள்ளிவிட்டார்.