விடுபடாத கடமை

இலங்கையின் கிண்ணியாவில் ஒருவர் மௌத்தானால், மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி அடக்குவது ஊரின் கடமை. பர்ளு கிபாயா என்பார்கள். சிலர் செய்தால் எல்லோரும் விடுபடுவர். எவரும் செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். ஊர் நுழைய முடியாத சிறைச்சாலையில், சாகக் கிடப்பவரைப் பார்ப்பது யார் கடமை?

இலங்கையில் 1976-க்குப் பிறகு தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. அந்தத் தீர்ப்புப் பெற்றவர்களில் பலர் மறியலிலேயே மூப்படைகிறார்கள். கை நடுங்கும் வயதில் பக்கத்துப் பாய்க்காரர்தான் ஊர், உறவு எல்லாம்.

இந்தியாவிலும் இதே கதைதான். தமிழ்நாட்டின் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கோப்பையைப் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழலுக்கும் நீதிமன்றத்திடம் மனுப் போட வேண்டியிருந்தது. மும்பைக்கு அருகே தளோஜா சிறையில் அவர் சாப்பிடவும் குளிக்கவும் சக கைதிகளே உதவினார்கள். துணி துவைத்து, மூட்டு பிடித்துவிட்டார்கள். பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மருத்துவமனையில் இறந்தார்.

இத்தகைய கைகளுக்குப் பயிற்சி தருவது நல்லதுதான். விழுங்க முடியாதவருக்கு ஊட்டுவதற்கும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதற்கும் இரக்கம் மட்டும் போதாது. அமெரிக்காவின் லூசியானா மாநில அங்கோலா சிறையில் 1998 முதல் கைதிகள் இதைக் கற்கிறார்கள். கடைசி நாட்களில் முறைவைத்துக் கண்விழிக்கிறார்கள். உயிரைப் பறித்த கை ஓர் உயிரின் முடிவைத் தாங்கிக்கொள்கிறது.

ஆனால் சிறையில் ‘விருப்பம்’ என்பது எவ்வளவு தூரம் விருப்பம்? தண்டனைக் குறைப்பைக் காட்டினால் அது வியாபாரம். எதுவும் தராவிட்டால் கூலியில்லா வேலை. அசைய முடியாதவரின் மாத்திரையும் சோறும் இன்னொரு கைதியின் கையில் இருப்பதும் அபாயமே. மறுத்தவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியும், தாதியின் மேற்பார்வையும் இல்லாத பயிற்சி, ஆள் பற்றாக்குறைக்குப் போடும் ஒட்டு.

கைதிகளின் சுகாதாரம் அரசின் பொறுப்பு என்கின்றன ஐ.நா.வின் 2015 மண்டேலா விதிகள். பூட்டியவருக்கு அது பர்ளு கிபாயா ஆகாது. தொழுகையைப் போல அவரவரே நிறைவேற்ற வேண்டிய பர்ளு ஐன். எழுந்து நிற்கவும் இயலாதவரை இன்னும் ஏன் பூட்டி வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் அதில் அடங்கும். பக்கத்துப் பாய்க்காரர் ஊட்டிய ஒரு பிடி சோறு அவருடைய நன்மைக் கணக்கில்தான் சேரும். அதை அரசு தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.