பாசிமணியின் விலை



திருவிழாக் கூட்டத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒரு நரிக்குறவப் பெண் பாசிமணி மாலையை நீட்டி, "நூறு ரூபாய், சாமி" என்கிறாள். நாம் "முப்பதுக்குக் கொடு" என்கிறோம். பொழுது சாய்கிறது, மடியில் குழந்தை பசித்து அழுகிறது, அவள் கொடுத்துவிடுகிறாள். நாம் மலிவாய் வாங்கினோமென்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். இதில் பாவம் உண்டோ?

"அவள் சம்மதித்துத்தானே கொடுத்தாள்?" என்பீர்கள். அந்தச் சம்மதத்தைச் சற்று ஆராய்வோம். 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதிய "ரேரும் நோவாரும்" என்னும் நிருபத்தில், நெருக்கடியால் குறைந்த கூலிக்கு இசையும் தொழிலாளி பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே என்று போதித்தார். இது மாலைக்கும் பொருந்தும். அவளுடைய கூலி அந்த விலைக்குள்தானே இருக்கிறது? மதிப்புக்கு மேல் விற்பது போலவே மதிப்புக்குக் குறைத்து வாங்குவதும் அநீதி என்பது அர்ச். தோமாஸ் அக்வீனாஸின் போதனை.

அப்படியானால் அதன் மதிப்பு என்ன? மணிகளைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். கம்பியைக் குறடால் வளைத்து, மணி மணியாய்க் கோக்கவேண்டும். ஊர் ஊராய்ச் சுமந்து போகவேண்டும். இவர்கள் முன்னே வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் அந்த வழி அடைபட, பாசிமணியே பலருக்குப் பிழைப்பாயிற்று. நெடுங்காலம் கேட்டு, 2023-ல்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றார்கள்.

"வெறும் பாசிதானே" என்று இகழவேண்டாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஆதிக்குடிப் பெண்கள் கடலோரத்துச் சிறு சிப்பிகளைப் பொறுக்கி, துளையிட்டு, மாலை கோக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாய் உண்டு. 1876-ல் இறந்த ட்ருகானினி என்பவளின் மாலை இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரக் காட்சிசாலையில் இருந்தது. 1997-ல் அவளுடைய மக்களிடம் திரும்பி வந்தது. அந்த மக்களின் நிலத்தைப் பறித்த உலகம், அவர்கள் கோத்த மாலையை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் போற்றியது! கைவேலையை மெச்சி, கையை மிதிப்பது நியாயமோ?

அப்படியானால் பேரம் பேசுவதே பாவமோ? அன்று. விற்பவரும் அதை எதிர்பார்த்துச் சற்றுக் கூட்டிச் சொல்வதுண்டு. இருவரும் சமமாய் நின்று பேசினால் குற்றமில்லை. ஒருவருடைய பசியை நம் லாபமாக்கும்போதுதான் ஏழாம் கற்பனை மீறப்படுகிறது. சரக்கை மட்டமென்று இகழ்ந்து வாங்கி, அப்புறம் போய்ப் பெருமை பேசுகிறவனைப் பழமொழி ஆகமம் நன்றாய் அறியும். பெரிய கடையில் சீட்டில் எழுதிய விலையை வாய் திறவாமல் கொடுக்கிற நாம், தரையில் உட்கார்ந்தவளிடம் மட்டும் நம் சாமர்த்தியத்தைக் காட்டுவதேன்?

பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, பிறர் பொருளைக் கவர்ந்தவன் ஊர்ச்சபையில் அமரத் தகாதவன் என்று விதித்தது. திவ்விய நற்கருணை வாங்க வருகிற நமக்கு அதைவிடக் குறைந்த விதியா?

ஆகையால் அடுத்த முறை விலை கேட்குமுன், சரக்கின் முதல், ஒரு பொழுதின் உழைப்பு, வழிச்செலவு, இம்மூன்றையும் மனதில் கூட்டிப்பாருங்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். அவ்விலையைக் கொடுத்துவிட்டு, தருமம் செய்ததாய் எண்ணவேண்டாம். அது கடனைத் தீர்த்ததே. தருமம் அதற்குமேல்தான் தொடங்குகிறது.

உங்கள் பங்குக் குரு