உறவை அறுக்கச் சொன்னது யார்?



பேரன் பேத்தி எடுத்த ஒருவர், "என் நாட்டம் இளமை முதலே ஆண்கள் பால்தான், மறைத்தே வாழ்ந்துவிட்டேன்" என்று உடன்பிறந்தாரிடம் வாய் திறக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். காக்கா முகத்தைத் திருப்பிக் கொள்வார். ராத்தா அழுது தீர்ப்பார். மறுவாரமே ஊரெல்லாம் பேச்சு. உம்மாவின் மையித்துக்குக்கூட அவருக்குச் சொல்லியனுப்ப மாட்டார்கள்.

செயலைப் பற்றிய மார்க்கச் சட்டம் யாவரும் அறிந்ததே. அதைத் தளர்த்த நான் வரவில்லை. ஆனால் நாட்டம் வேறு, செயல் வேறு. உறவை அறுக்க நமக்கு அனுமதி தந்தவர் யார்?

அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் உறவினரான ஏழை மிஸ்தஹ் (ரலி) அவர்களுக்குப் பொருளுதவி செய்து வந்தார்கள். அவரோ அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறில் நாவைக் கலந்துவிட்டார். பெற்ற மகளின் மானமல்லவா! இனி உதவுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அப்போது இறங்கியதுதான் சூரத்துந் நூரின் 22ஆம் வசனம். நின்ற உதவி மீண்டும் தொடர்ந்தது. நம் சகோதரரோ நம்மில் எவர் மீதும் அவதூறு சொல்லவில்லை.

அவரால் நொந்தவர் ஒருவர் உண்டு; அவர் மனைவி. உண்மை அறியாமலே காலம் கழித்த அப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. மஹர் பாக்கி உண்டா, பிரிய விரும்பினால் குலாவா என்று பேசத்தான் பெரியவர்கள் கூட வேண்டும். ஊருக்கு அஞ்சி அவர் வாயை அடைக்கலாகாது.

சகோதரர் ஸலாம் சொன்னால் பதில் சொல்லுங்கள். நோயென்றால் போய்ப் பாருங்கள். உம்மா கண் மூடுமுன்னே வீட்டுக்கு அழையுங்கள். அவர் வந்து போனதைத் தெருவில் பேசாதீர்கள்.