அழைப்பிதழில் இல்லாதவர்கள்



2021-ம் ஆண்டின் முற்பகுதியில், கொவிட் நோய் நாட்டை விட்டு அகலாதிருந்த வேளையில், ஒரு தாயார் எம்மைக் காண வந்தார். மகளின் திருமணத்துக்குக் கோவிலில் மூன்று முறையும் ஓலை வாசித்து முடிந்துவிட்டது. கூறை எடுத்தாயிற்று. மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று. "முதல் ஐம்பது பேர் எண்டினம், இப்ப நூற்றைம்பது எண்டினம், நாளைக்கு என்ன சொல்லுவினமோ தெரியாது சுவாமி. செய்யிறதோ, தள்ளிப் போடுறதோ? செய்தால் ஆரை விடுறது? நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

நாம் அன்று சொன்னது குருமடத்துப் பாடத்தை. மணமக்களின் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது என்கிறது 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ம் சட்டம். அதிகாரம் பெற்ற குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும் என்கிறது 1108-ம் சட்டம். "ஆகவே அம்மா, நாலைந்து பேருடன் முடித்துவிடலாம், மற்றதெல்லாம் ஆடம்பரம்" என்றோம். தாயார் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

சட்டத்தில் பிழையில்லை. பிழை எமது கடைசிச் சொல்லில் இருந்தது. கானாவூரில் இரசம் தீர்ந்துபோனதைக் கண்ட இயேசுவின் தாய், "மணமக்கள் சம்மதித்தாயிற்று, இனி இரசம் எதற்கு?" என்று இருந்துவிடவில்லை. பந்தியில் குறை வந்தால் அந்த வீட்டுக்கு எத்தகைய தலைகுனிவு என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அந்த இரண்டு சாட்சிகளுங்கூட ஏன் வந்தார்கள்? இரகசியமாய் மணம் முடித்துப் பின்னர் கைவிடும் கொடுமையைத் தடுக்கவே, 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக் குருவையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கிற்று. ஊர் அறிய மணம் முடிப்பதில் ஒரு நீதி உண்டு. மகளின் கலியாணத்துக்கு இனசனம் கூட வேண்டும் என்று ஆசைப்பட்ட தாயை ஆடம்பரக்காரி என்றது தவறு.

ஆனால் அந்த வீட்டில் வேறொரு நியாயமும் பேசப்பட்டது. அக்காலத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை சொல்லியும் இருப்பீர்கள். "விரும்பினவர் வரட்டும், பயந்தவர் வீட்டில் நிற்கட்டும்." மணப்பெண்ணின் அம்மம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். "நான் செத்தாலும் பரவாயில்லை, பேத்தியின்ரை கழுத்திலை தாலி ஏறுறதைப் பார்த்திட்டுச் சாகிறன்" என்றார். தம் உயிரைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் முதியவருக்கு நாம் என்ன மறுமொழி சொல்வது?

மறுமொழிக்குச் சற்றுத் தூரம் போக வேண்டும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் மில்லினோக்கட் என்னும் சிற்றூர் உண்டு. 2020 ஓகஸ்ட் 7-ம் திகதி அங்கே ஒரு திருமண விருந்து நடந்தது. அம்மாநிலத்தில் உள்ளரங்கக் கூட்டங்களுக்கு விதித்திருந்த எல்லை 50 பேர்; விருந்துக்கு வந்தவர்கள் 55 பேர். அந்த ஒரு விருந்தோடு தொடர்புடைய நோயாளிகள் 177 பேர் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆய்வு அதே ஆண்டு நவம்பரில் வெளியாயிற்று. ஏறத்தாழ 100 மைல் தொலைவில் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கும், 200 மைல் தொலைவில் இருந்த சிறைச்சாலைக்கும் நோய் போய்ச் சேர்ந்தது. ஏழு பேர் இறந்தனர். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட விருந்துக்கு வந்தவர் அல்லர்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மணமக்கள் சம்மதித்தார்கள். விருந்தினரும் சம்மதித்தே வந்தார்கள். அம்மம்மாவைப் போல ஆபத்தை அறிந்தும் வந்தவர்கள் அவர்களுள் இருந்திருக்கலாம். அந்த ஏழு பேரிடம் கேட்டவர் யார்? மணமக்களின் பெயரைக்கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஐந்து பேர் குறைந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்றும் எவரும் துணிந்து சொல்ல இயலாது. அரசு விதிக்கும் தொகை காவற்றுறையினர் எண்ணிப் பார்ப்பதற்கு உதவும். மனச்சாட்சி எண்ண வேண்டியவர்கள் வேறு. எமது அம்மம்மாவோ மாதாமாதம் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறவர். தம் சாவுக்கு அவர் சம்மதிக்கலாம். அங்கே வாங்கில் அவரோடு நெருங்கியிருக்கும் சீனி வருத்தக்காரருக்காக அவர் சம்மதம் கொடுக்க முடியுமா?

இது எம்மவருக்குத் தெரியாத சங்கதியுமன்று. வீட்டில் யாருக்காவது அம்மாள் வருத்தம் கண்டால் வேப்பிலை செருகி வைப்பார்கள். அவ்வீட்டார் நன்மை தீமைக்குப் போக மாட்டார்கள். "வரவில்லையே" என்று எவரும் கோபித்ததில்லை. வராமல் இருப்பதே அன்று மரியாதையாய் இருந்தது.

அப்படியானால் தள்ளிப் போடுவதே தக்க வழியா? அதையும் விதியாகச் சொல்லிவிட முடியாது. அதே 2021-ல் ஓகஸ்ட் 17 நள்ளிரவு முதல் மண்டபத்திலும் வீட்டிலும் திருமண விழா நடத்தவே கூடாது என்று தடை வந்தது. 2022-க்குத் தள்ளிவைத்தவர்கள் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றார்கள். காத்திருந்த காலத்தில் கண்ணை மூடிய தாத்தாமாரும் உண்டு. சமையற்காரர், பந்தற்காரர், படம் பிடிப்பவர் ஆகியோரின் அடுப்பு எரிவதும் கலியாணங்களை நம்பியே. இருபக்கமும் இழப்பு இருக்கும்போது, அந்த இழப்பு கேட்கப்படாதவன் தலையில் போய் விழுகிறதா என்று பார்ப்பது பெற்றோர் கடமை.

அந்தத் தாயார் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். சட்டம் நூற்றைம்பது பேருக்கு இடங்கொடுத்திருந்தும் இருபத்தைந்து பேர் என்று தீர்மானித்திருந்தார். அவர் எண்ணத் தொடங்கிய இடந்தான் எம்மை வியக்க வைத்தது. "முதல் அம்மாவை எழுதினன் சுவாமி. அவ பத்திரமாய் வந்து போகக்கூடிய அளவுக்குத்தான் மற்ற ஆக்கள்." பெரிய இடத்துச் சம்பந்திகளும் கந்தோர்ப் பெரியவர்களும் அந்தக் கணக்கில் விழுந்துபோனார்கள். அம்மம்மா முன் வாங்கில் தனியே இருந்து தாலி ஏறுவதைக் கண்டார். கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டைப் பார்சல் கட்டி, பெண்ணின் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுத்தார். சமையற்காரருக்குப் பேசிய கூலி முழுவதும் கிடைத்தது. மண்டப முற்பணம் மாத்திரம் திரும்பி வரவில்லை.

சொல்லாமல் விட்டதற்காக இரண்டு குடும்பங்கள் இன்றுவரை அந்த வீட்டுப் படலை திறப்பதில்லை. அண்மையில் ஒரு செத்தவீட்டில் கண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அந்தத் தாயாருக்கு அது பெரிய மனவருத்தம். அவர்களிடம் போய்ப் பேசிப் பார்க்கும்படி எம்மைக் கேட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு போவதாக இருக்கிறோம்.