சுண்ணாம்புக் கல் லாரியின் பின்னால்

டைனோசர் காட்டுகிறேன் என்று சொல்லிப் பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் அழைத்துப் போகிறவர்கள், வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அங்கே டைனோசர் அபூர்வம். கொட்டிக் கிடப்பது கடல். கிரிட்டேசியஸ் காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்றைய அரியலூர், பெரம்பலூர் நிலத்தின்மேல் ஏறியும் இறங்கியும் கிடந்த கடல். வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் சுருண்ட அம்மோனைட்டுகளும் கல்லாகிப்போன கிளிஞ்சல்களும் இருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கிறது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அடையாளம் கண்ட மரம் அது. இத்தனையும் பார்த்த பிறகும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "டி-ரெக்ஸ் எங்கே?"

பெரியவர்களும் அப்படித்தான். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டதும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் அலறியது. அவை கடல் படிவு உருண்டைகள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதும் ஊரே ஏமாந்துபோனது. ஒரு கடலே காலடியில் கிடப்பது யாருக்கும் போதவில்லை.

நாங்கள் வீட்டோடு கிளம்பியபோது காரை என்ற ஊருக்கும் போனோம். செம்மண்ணும் களிமண்ணும் அரித்து ஓடைகளாக வெட்டுப்பட்ட பொட்டல் அது. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். உள்ளே இருந்தது வெளியே வரும். அதிகம் தட்டுப்படுவது பெலம்னைட். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த கெட்டிக் கூர், துப்பாக்கித் தோட்டா மாதிரி. டைனோசர் இல்லை என்று முகம் தொங்கிப்போன என் மகள் முதல் பெலம்னைட் கையில் கிடைத்ததும் மாறிவிட்டாள். அவளுடைய பை ரொம்பிக்கொண்டே போனது. "எல்லாத்தையும் போட்டுட்டு வா" என்றாள் அவள் அம்மா. "புள்ள ஆசைப்படுது, விடுக்கா" என்றார் என் மைத்துனர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எவ்ளோ வேணாலும் எடுத்துக்குங்க தம்பி, இங்க கல்லுக்கா பஞ்சம்?" என்றார். நான் அறிவியல் பேசினேன். இது எல்லோருக்கும் சொந்தம், ஆளுக்கு ஒன்று எடுத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்ற வழக்கமான பேச்சுதான். அவள் பையைக் கவிழ்த்தாள்.

திரும்பும் வழியில், அரியலூர்ச் சாலைகளில் எப்போதும் நடப்பதுபோல, ஒரு சுண்ணாம்புக் கல் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த முடியவில்லை. லாரியில் என்ன என்று கேட்டாள். சொன்னேன். கல்லங்குறிச்சிப் பகுதிச் சுண்ணாம்புக் கல்லில் பெரும்பங்கு கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் மேடுமேடாகக் குவிந்தவை. அவற்றை வெட்டி, அரைத்து, சூளையில் சுட்டால் சிமெண்ட். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லாரி நெறையா எடுத்துட்டுப் போலாம், நான் மட்டும் ஒண்ணு எடுக்கக் கூடாதாப்பா?" என்றாள்.

சட்டம் என்று சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது சட்டத்தை அல்ல, நியாயத்தை. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் தளமும் சுவரும் அந்தச் சிப்பிகள்தாம் என்னும்போது, கடலைத் தொடாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? லாரியை வில்லனாக்குவதும் எளிது. சுரங்கம் வெட்டியதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. வெட்டிய சுவரைப் படிப்பதற்கு முன்பே அதையும் வெட்டிவிடுகிறார்கள் என்பது அதன் மறுபக்கம்.

எடுக்கலாமா கூடாதா என்பதற்கு உலகமெங்கும் ஒரே பதில் இல்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைக்கு ரிச்சர்ட் ஆனிங் என்ற தச்சர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். சுற்றுலா அல்ல, பிழைப்பு. பொறுக்கியதை விற்றார்கள். 1810இல் அவர் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் மகன் ஜோசப்பும் மகள் மேரியும் இக்தியோசர் என்னும் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். 1823இல் மேரி பிளீசியோசர் என்னும் இன்னொரு கடல் ஊர்வனவையும் கண்டார். அந்தக் கரையில் உதிர்ந்து கிடப்பதை இன்றும் எடுக்க விடுகிறார்கள். எடுக்காவிட்டால் அலை நொறுக்கிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கதை வேறு. டிரம்ஹெல்லரில் ராயல் டைரல் அருங்காட்சியகம் இருக்கும் அந்த மாகாணத்தில் தொல்லுயிர் எச்சங்கள் அரசுக்குச் சொந்தம். நில உரிமையாளரின் அனுமதியோடு தரைமேல் கிடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நீங்கள் காப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. தோண்ட அனுமதிச்சீட்டு வேண்டும்.

எடுத்தால் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நம்மூரிலேயே ஒரு கதை உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை 1980களின் இறுதியில் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான ஓர் எலும்பு மட்டுமே 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் கூட்டத்தில் சேர்க்கப்பட்டது. உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு. சரிபார்க்கத்தான் எலும்பு இல்லை. பாதுகாப்புக் கட்டுப் போட்டு எடுத்தும், கட்டுக்குள்ளேயே உதிர்ந்து போய்விட்டது. மிஞ்சியவை ஓவியங்களும் சில புகைப்படங்களும். மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கியது வெளிச்சத்தில் சில ஆண்டுகளைத் தாங்கவில்லை.

ஆனால் அது எங்கே, எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் எலும்பு போன பிறகும் அதைப் பற்றி வாதாட முடிகிறது. நேர்மாறாக, எங்கே கிடைத்தது என்று தெரியாத அம்மோனைட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிப் பொம்மைதான். பையில் போகும் கல்லைவிட அதன் இடம் தொலைவதே பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கணக்கில் லாரியும் தப்பாது. சிமெண்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெட்டும் முன் ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொள்ளட்டும், ஒரு சுவரையாவது விட்டுவைக்கட்டும் என்று கேட்பேன்.

இதை அவளுக்குப் புரிகிற விதமாகச் சொல்லிப் பார்த்தேன். லாரிக்காரர் எழுதி வைக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் அவர் செய்வதுதான் பெரிய தப்பு, தன்னுடையது சின்னத் தப்பு என்று தீர்ப்புச் சொன்னாள். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்தாள். காரையில் எந்த ஓடை, எந்தப் பக்கம், எந்த நிற மண் என்று நினைவில் இருந்த மட்டும் எழுதினாள். படமும் போட்டாள், பெலம்னைட்டுகளைக் கொஞ்சம் பெரிதாகவே.

அடுத்து கல்லமேட்டுக்குப் போக வேண்டுமாம். "அங்கதான் எலும்பே இல்லையே, எதைப் பாக்கப் போற?" என்றார் மைத்துனர். மண்ணைப் பார்க்க என்றாள். பெட்ரோல் காசை யார் தருவது என்பது இன்னும் முடிவாகவில்லை.