சிறைக்கு ஒரு கடிதம்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை நம்பி வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில், பிள்ளை கோவை மத்திய சிறைக்குப் போய்விட்டால் அவன் பெயரையே எடுப்பதில்லை. கடிதம் போட்டால் அவன் செய்ததற்கு நாமும் உடந்தையாகிவிட மாட்டோமா என்று அஞ்சுகிறோம்.

திருமறையின் 76-ஆவது அத்தியாயம் ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைப் புகழ்கிறது. அந்தக் கைதி குற்றவாளியா, நிரபராதியா என்ற கேள்வி அங்கே இல்லை. கோவை குண்டுவெடிப்பு வழக்கில் 1998-இல் கைதான அப்துல் நாசர் மதானி, குற்றம் நிரூபிக்கப்படாமல் 2007-இல்தான் விடுதலையானார். தீர்ப்பு வரட்டும், பிறகு எழுதலாம் என்றிருப்பவர் எத்தனை பெருநாளைக் கடத்துவார்?

யூசுஃப் நபி (அலை) அவர்கள், விடுதலையாகவிருந்த சிறைத் தோழரிடம் தம்மைப் பற்றி எஜமானரிடம் சொல்லும்படி வேண்டினார்கள். ஷைத்தான் அவரை மறக்கச் செய்தான். நபியவர்களின் சிறைவாசம் மேலும் சில ஆண்டுகள் நீண்டது. வெளியே இருப்பவரின் மறதிக்கு இவ்வளவு கனம்! நமக்கோ, கம்பெனியில் ஓவர்டைம், நேரமில்லை.

கடிதத்தை அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டுமே! வழக்கு விவகாரம் வக்கீலோடு இருக்கட்டும். அத்தாவின் மூட்டுவலி, தங்கை குர்ஆன் ஓதி முடித்தது, இவற்றை எழுதுவோம். செய்தது தவறென்றால் அதையும் எழுதலாம். முதல் கடிதத்தில் வேண்டாம்.