எந்த வண்டின் பாவம் பெரிது?

மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பழைய வீட்டுக் கொல்லைகளில் இன்னும் தென்னை நிற்கிறது. விரிந்த ஓலை கத்தரியால் நறுக்கிய மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால், மரமேறி கீழே நின்றே சொல்லிவிடுவார்: காண்டாமிருக வண்டு. குருத்துத் துளையில் கொக்கிக் கம்பியை விட்டு அவர் குத்தி இழுத்தால், தலையில் ஒற்றைக் கொம்போடு கட்டைவிரல் பருமனில் கரிய வண்டு வெளியே வரும். அதற்காக யாரும் வருந்துவதில்லை.

பொன்வண்டின் கதை வேறு. அதைத் தீப்பெட்டியில் அடைத்து, கொடுக்காப்புளி இலை போட்டு, முட்டை வைத்ததா என்று திறந்து திறந்து பார்த்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதன் பச்சை மினுக்கு சாயமல்ல. மேலுறையின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுப் பிறக்கும் நிறம். வண்டு செத்தாலும் மங்காது. 1903இல் டெல்லி தர்பார் விழாவுக்குக் வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி அணிந்த மயில் உடையில், இறகுக் கண்கள்தோறும் வண்டின் சிறகுறையைத் தைத்ததும் அந்த மினுக்குக்காகத்தான்.

இந்த இரண்டில் எதைக் கொல்வது பெரிய பாவம்?

மயிலையில் ஒரு காலத்தில் நேமிநாதர் கோயில் இருந்ததாகவும், அந்தத் திருவுருவமே பின்னர் மேல்சித்தாமூருக்குப் போனதாகவும் தமிழ்ச் சமணர் சொல்வார்கள். அவர்களுடைய சமயம் இந்தக் கேள்வியை மிக நுணுக்கமாக அலசியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் வண்டினமான தும்பியை நான்கறிவு உயிராக வைக்கிறது. சமண நூல்களும் வண்டுக்கு நான்கு புலன் என்கின்றன. கொம்புக்கும் பொன்னுக்கும் அங்கே ஒரே படி.

வேறுபாடு கொல்பவரிடம்தான். இல்லறத்தார் கையால் நேரும் கொலையைச் சமணம் நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அறவே விடவேண்டும். மற்றவற்றை முடிந்தமட்டும் குறைக்கவேண்டும். துறவிக்கு நான்குமே கூடாது. மழைக்காலம் நான்கு மாதமும் அவர் நடைப்பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவது, புழு பூச்சி மிதிபடக்கூடாதே என்றுதான்.

இப்படிப் பார்த்தால், தென்னையைக் காக்கக் கம்பி எடுப்பவருக்கு ஒரு சமாதானம் உண்டு. உடுப்பின் மினுக்குக்காக ஒரு பொன்வண்டைக் கொன்றிருந்தால் அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. வெறுத்த வண்டைக் கொன்றவரைவிட, ரசித்த வண்டைக் கொன்றவரே பெரிய கணக்குக்குப் பதில் சொல்லவேண்டும். கொல்லும் எண்ணமே இல்லாத தீப்பெட்டிப் பிள்ளையின் கையிலும் வண்டு சாகத்தான் செய்கிறது.

கம்பிக்காரரின் சமாதானமும் முழுமையானதல்ல. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது குருத்தில் அல்ல. எருக்குழியிலும் மட்கிய தென்னங்கட்டையிலும். அங்கே புழுவாக மாதக்கணக்கில் கிடந்து, வண்டான பிறகே மரத்துக்குப் பறக்கிறது. செத்த மரத்தை உடனே அப்புறப்படுத்தி, எருவைத் தேங்கவிடாமல் அள்ளி, ஓலை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் போட்டுவந்தால் கம்பிக்கு வேலை குறையும். அதுவும் முட்டை விழுமுன் செய்யவேண்டிய காரியம். புழு வைத்த பிறகு குழியைக் கிளறினால், காக்கையும் மைனாவும் வந்துவிடும்; கொலைக்கணக்கு அங்கேயே மறுபடி தொடங்கும்.